ஆள் வந்தாச்சு, உடம்பு இன்னும் வரவில்லை: விடுமுறை முடிந்த முதல் வாரத்துக்கு ஒரு செய்முறை

காலாண்டு விடுமுறைக்கு ஒன்பது நாள் தென்காசியில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, பொதிகை ரயிலில் சென்னைக்கு வந்து இறங்கினோம். அருவியில் குளித்துவிட்டு வந்தால் எடுக்கும் பசி தனி ரகம். அந்தப் பசிக்குப் பரோட்டாவும் நாட்டுக்கோழிச் சால்னாவும் எவ்வளவு இறங்கியது என்று நான் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா, “இன்னும் ரெண்டு வச்சுக்கோ, சென்னையில யாரு சுட்டுத் தரப்போறா” என்பார். ராத்திரி மொட்டைமாடியில் சித்தி பிள்ளைகளோடு பேச்சு ஒரு மணி வரை. காலையில் எழுந்தது எட்டரைக்கு.

திரும்பிய அன்று கணக்கு இப்படி இருந்தது. எடை 2.3 கிலோ கூடியிருந்தது. மூன்று நாளாக வயிறு சரியாகப் போகவில்லை. கணுக்காலைச் சுற்றி செருப்பு வார் பதிந்த தடம் மறையவே இல்லை. திங்கட்கிழமை பையனுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ஆபீஸ்.

முன்பெல்லாம் இதற்கு நான் கண்ட வழி, திங்கட்கிழமை ஒரு நாள் முழுக்க எலுமிச்சையும் தேனும் கலந்த தண்ணீர் மட்டும். செவ்வாய் தலைவலி. புதன் இரவு பிரியாணி. மூன்று விடுமுறைகள் இப்படிப் போன பிறகுதான் வரிசையை மாற்றினேன். சாப்பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எழுந்திருக்கும் நேரத்தை முதலில் பிடிப்பது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

தொடங்கும் முன்: எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள்

2.3 கிலோவும் கொழுப்பு என்று நினைத்தால் பயம் வரும், பயம் வந்தால் பட்டினி வரும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். 2.3 கிலோவுக்கு 17,700 வருகிறது. ஒன்பது நாளுக்குப் பிரித்தால், என் வழக்கமான சாப்பாடு போக தினமும் 2,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அதாவது இன்னொரு ஆளின் சாப்பாட்டை முழுதாக. அம்மா வீடுதான், இருந்தாலும் அவ்வளவு இல்லை.

மிச்சமெல்லாம் என்ன? பெரும்பாலும் தண்ணீர். கூடுதல் உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோறு, மைதா, இனிப்பு அதிகமானால் உடம்பு அதில் ஒரு பகுதியை கிளைக்கோஜனாகத் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். போகாத வயிற்றின் எடையும் அதில் சேர்த்தி. இவையெல்லாம் வழக்கத்துக்குத் திரும்பினாலே சில நாளில் தானாக இறங்கும். அதனால் எட்டாம் நாள் வரை மெஷின் மேல் ஏறாதீர்கள்.

படி 1: வந்து இறங்கிய நாளைத் தூங்கிக் கழிக்காதீர்கள்

ராத்திரி ரயிலோ பஸ்ஸோ ஒரு நன்மை செய்கிறது. விடியற்காலையில் நம்மை எழுப்பி விட்டுவிடுகிறது. ஒன்பது நாளாக எட்டரைக்கு எழுந்தவளை ஐந்து மணிக்கு எழுப்ப வேறு யாரால் முடியும்? ஆனால் நாம் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பத்து மணி வரை தூங்கி, கிடைத்த அந்த விழிப்பை வீணாக்குகிறோம்.

வந்ததும் குளியுங்கள். பையைப் பிரித்து அழுக்குத் துணியை மெஷினில் போடுங்கள். மதியம் மிளகு ரசம், சோறு, ஒரு பொரியல் போதும். கண் சொக்கினால் மூன்று மணிக்கு முன்பாக 20 நிமிடம் படுங்கள், அலாரம் வைத்து. ராத்திரி ஒன்பதரைக்கு உடம்பே படுக்கையைத் தேடும்.

காரில் வந்து சாயங்காலம் வீடு சேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் எழும் நேரத்தை நாளுக்கு அரை மணி நேரமாக முன்னால் நகர்த்த வேண்டியதுதான்.

படி 2: படுக்கும் நேரத்தை விடுங்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள்

“இன்றைக்குப் பத்து மணிக்கே தூங்கிவிடுவேன்” என்று சபதம் போட்டுப் படுத்தால் பன்னிரண்டு வரை விட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். தூக்கத்தை அதட்டி வரவழைக்க முடியாது. எழுவதை முடியும்.

நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம், பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமான சுற்றில் ஓடுகிறது. அதனால் இரவைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அதைத் தினமும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம்.

ஆகவே செய்ய வேண்டியது: அலாரத்தைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நான் பூஜை அறையில் வைக்கிறேன், அணைக்கப் போகிற வழியில் பாதித் தூக்கம் போய்விடும். எழுந்ததும் மாடிக்கோ வாசலுக்கோ போய் 15 நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது வழக்கமான வேலையிலேயே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். முதல் வாரத்தில் ஒரு ஞாயிறு ஒன்பது மணி வரை தூங்கினால், திங்கட்கிழமை மறுபடி தென்காசியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. குடித்த காபியிலுள்ள கஃபீனில் பாதி வெளியேறவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக் காபியில் பாதி ஒன்பது மணிக்கும் உங்களோடுதான் இருக்கிறது. இந்த வாரம் மட்டுமாவது இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபீனைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 வரை இருக்கிறது. மூன்று டம்ளரிலேயே கணக்கு முடிந்துவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது என்பதும் அதே வழிகாட்டியில் உண்டு.

படி 3: பலகாரப் பை

இதுதான் எல்லோரும் விட்டுவிடும் இடம். ரயில் வந்து சேர்ந்ததும் விடுமுறை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். கொண்டுவந்த பை காலியாகும் வரை அது முடிவதில்லை.

எங்கள் பையில் இருந்தவை: திருநெல்வேலி அல்வா ஒரு கிலோ, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ, கோவில்பட்டிச் சித்தி கொடுத்த கடலை மிட்டாய் நாலு பாக்கெட், சாத்தூர் வழியாக வந்த மாமா வாங்கிவந்த காராச்சேவு ஒரு கிலோ. அதற்கு மேல் அம்மா சுட்ட முறுக்கு, ஒரு தூக்கு நிறைய.

வந்த அன்றைக்கே பங்கு போட்டுவிடுங்கள். “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று சமையலறை மேடையில் வைத்தால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று கை போய்க்கொண்டே இருக்கும். நான் மூன்று குவியல் வைத்தேன். முதல் குவியல் எதிர்வீட்டு அக்காவுக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும். இரண்டாவது ஆபீசுக்கு, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு முன்னால் தீர்ந்துவிடும் என்று உத்தரவாதம் தருகிறேன். மூன்றாவது வீட்டுக்கு, சின்ன டப்பாவில், கண்ணுக்குத் தெரியாத அலமாரியில்.

பால்கோவா ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், சில நாளில் முடித்துவிட வேண்டும். அல்வா அதைவிடத் தாங்கும். சேவுதான் வில்லன். கெட்டுப்போகாது, அவசரம் இல்லை, அதனால் தினமும் இருக்கும். காரமும் உப்புமாக இருப்பதால் ஒரு பிடியோடு நிற்காது. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக ஒரு டீஸ்பூன். சாம்பார், பொரியல், ஊறுகாயிலேயே அது போய்விடும், சேவுக்கு இடமில்லை.

அதற்காகத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அம்மா சுட்ட முறுக்கை எறிந்தால் கை விளங்குமா? ஒரே விதிதான்: டப்பாவிலிருந்து நேராக வாய்க்குப் போகக்கூடாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு சின்னத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, ஒரு துண்டு. ராத்திரியில் கிடையாது.

படி 4: வயிறு

மைதா அதிகம், காய் குறைவு, பயணத்தில் தண்ணீர் குடிக்காதது, புது இடத்துக் கழிப்பறைக்குப் போகக் கூசி அடக்கி வைத்தது. எல்லாம் சேர்ந்துதான் வயிறு கட்டிக்கொள்கிறது. இதற்காக விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்குப் போவது நம் வீடுகளில் பழைய பழக்கம். டாக்டரைக் கேட்காமல், அதிலும் வயதானவர்களும் கர்ப்பிணிகளும், அதைத் தொடவே வேண்டாம். ‘டீடாக்ஸ்’ ஜூஸ்களுக்கும் காசைக் கொட்டாதீர்கள். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு, காலையில் அது பலமாக இருக்கும். எனவே எழுந்ததும் வெந்நீர், சிறிது நேரத்தில் டிபன், அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவசரமில்லாமல் கழிப்பறையில். போனை வெளியே வைத்துவிட்டு. வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அதே நேரம். எனக்கு மூன்றாம் நாள் சரியானது.

காயைப் படிப்படியாகக் கூட்டுங்கள். முதல் நாளே கீரை, வாழைத்தண்டு, கொள்ளு என்று எல்லாவற்றையும் இறக்கினால் வயிறு உப்பி, பரோட்டாவே தேவலை என்று தோன்றும். அதே ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஒருவருக்கு நாளுக்குக் காயும் பழமும் சேர்ந்து அரைக் கிலோ வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும். சாம்பாரில் காயைத் தாராளமாகப் போட்டு, பொரியலை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளாமல் ஒரு கிண்ணம் எடுத்து, சாயங்காலம் முறுக்கு இருந்த இடத்தில் ஒரு கொய்யா வைத்தால் பக்கத்தில் வந்துவிடலாம். சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பொரியலில் ஒரு கரண்டி கூட்டுவது, நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். ராத்திரி இட்லி, இடியாப்பம், கோதுமை ரவை உப்புமா, எதுவானாலும் எட்டு மணிக்குள்.

தண்ணீருக்கு லிட்டர் கணக்கு வேண்டாம். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். சிறுநீரக, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான் அளவு.

படி 5: நடை

முதல் மூன்று நாள் நடை மட்டும். காலையில் 20 நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம். சாப்பிட்ட பின் நடப்பது சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும், கால் வீக்கமும் வடியும். நாலாம் நாள் ஜிம்முக்கோ யோகாவுக்கோ போகலாம், வழக்கத்தில் பாதி. விட்ட ஒன்பது நாளையும் ஒரே நாளில் பிடிக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், பெயர் சொன்னால் சண்டை வரும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலசைவு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மேலே சொன்ன நடையிலேயே அது வந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியவை

நீண்ட பயணத்துக்குப் பிறகு இரண்டு காலும் லேசாக வீங்குவது சாதாரணம். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் “அதிகம் சாப்பிட்டேன்” என்று வேளைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். விடுமுறையில் விட்ட மாத்திரையைச் சேர்த்து இரண்டாகப் போடவும் கூடாது. காய்ச்சலோ விடாத வயிற்றுப்போக்கோ இருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

எட்டாம் நாள் காலையில் மெஷினை வெளியே இழுத்தேன். 1.6 கிலோ இறங்கியிருந்தது. மிச்சம் 700 கிராம் நான் நிஜமாகவே சாப்பிட்டது, அது மெதுவாகப் போகட்டும். அன்று சாயங்காலம் பையனின் பள்ளிப் பையைத் துவைக்க எடுத்தபோது பக்கவாட்டு ஜிப்பில் பிசுபிசுவென்று ஏதோ கையில் ஒட்டியது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய், முக்கால் பாக்கெட். மூன்று குவியலையும் பிரித்தபோது நாலாவதாக ஒன்றை அவன் தனியே ஒதுக்கியிருக்கிறான்.