கப்பல் தளத்தில் கயிறு கட்டும்போது செய்யக்கூடாதவை

கயிறு அறுந்தால் கயிற்றைத்தான் எல்லாரும் குறை சொல்கிறோம். பல நேரம் அந்தக் கயிறு பொல்லார்டிலோ (கயிறு கட்டும் தூண்) ஃபேர்லீடிலோ (கயிற்றுக்கு வழிகாட்டும் பொருத்து) தேய்ந்து முன்பே பாதி பலம் இழந்திருக்கும்.

இரட்டைப் பொல்லார்டில் எடுத்த எடுப்பிலேயே எட்டுப் போடுவதுதான், அதாவது இரண்டு தூண்களையும் 8 வடிவில் சுற்றுவதுதான், நான் முதலில் சொல்லும் தவறு. எட்டுப் போட்டதும் கயிறு இரண்டு தூண்களையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கிறது. அப்போது கயிற்றில் உள்ள இழுப்பைப் போல இரண்டு மடங்கு விசைகூட ஒரு தூணின் மேல் விழலாம். செயற்கை இழைக் கயிறு என்றால், இழுப்பு வரும் பக்கத்துத் தூணில் முதலில் இரண்டு முழுச் சுற்று, அதன் பிறகே எட்டு. பாரத்தின் பெரும்பகுதியை அந்தச் சுற்றுகளே உராய்வால் தாங்கிக்கொள்ளும். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவும் கை வசப்படும். எச்எம்பிஇ (அதிகம் நீளாத, வலுவான ஒரு செயற்கை இழை) போன்ற வழுக்கும் கயிறுக்குச் சுற்றுகள் இன்னும் கூடுதலாக வேண்டும்.

வின்ச்சின் (கயிற்றை இழுக்கும் இயந்திரம்) ஓரத்து டிரம்மில் சுற்றிய கயிற்றை அப்படியே விட்டுப் போவதும் தவறு. அது இழுப்பதற்கான இடம், கட்டி வைப்பதற்கானது அல்ல. ஸ்டாப்பர் (இழுப்பில் உள்ள கயிற்றைத் தற்காலிகமாகப் பிடிக்கும் துண்டுக் கயிறு அல்லது சங்கிலி) போட்டுப் பிடித்து, கயிற்றைப் பொல்லார்டுக்கு மாற்ற வேண்டும். கம்பிவடத்துக்குச் சங்கிலி ஸ்டாப்பர், இழைக் கயிறுக்கு இழை ஸ்டாப்பர்.

கம்பிவடம் ஓடிய ஃபேர்லீடில் இழைக் கயிற்றை விடாதீர்கள். கம்பி அறுத்த பள்ளங்களின் ஓரம் கத்திபோல் இருக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

நிற்கும் இடம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. 2015 மார்ச்சில் பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவனில் ‘ஸார்கா’ என்ற எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) கப்பலில் எச்எம்பிஇ கயிறு அறுந்து பின்னடித்ததில் அதிகாரி ஒருவருக்குத் தலையில் பலத்த அடி. அதிகம் நீளாத கயிறு பின்னடிக்காது என்ற எண்ணத்தை அன்றோடு விட்டிருக்க வேண்டும். கயிறு எந்த ஃபேர்லீடில் திரும்புகிறதோ, அங்கே அறுந்த முனையின் பாதையும் திரும்பும். ஆபத்துப் பகுதியைக் காட்டத் தளத்தில் வண்ணமடித்த கோட்டுக்கு வெளியே நின்றால் போதும் என்று நினைப்பது ஆபத்து. இழுப்பு ஏறும்போது கட்டும் பகுதி முழுவதையுமே ஆபத்தான இடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் அடிக்கும்போதும் கவனம் வேண்டும். 2007 ஜனவரி 1 முதல் கட்டப்பட்ட கப்பல்களில் ஒவ்வொரு பொல்லார்டிலும் ஃபேர்லீடிலும் அது தாங்கக்கூடிய பாரத்தின் வரம்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது சோலாஸ் (கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி. துறைமுகத்தில் கட்டுவதற்கு ஒரு வரம்பும், இழுவைக்கு வேறொன்றும் இருக்கலாம். அந்த எண்ணை அடுக்கடுக்கான பெயிண்ட் மூடிவிட்டால் யாருக்கு என்ன பயன்? அதே பெயிண்ட், ஃபேர்லீடில் சுழலும் ரோலரின் கிரீஸ் நிப்பிளையும் (கிரீஸ் ஏற்றும் துளை) அடைத்துவிடும். கிரீஸ் போகாத ரோலர் சுழலாது, கயிறு அதன் மேல் உரசியே தேயும். ஒவ்வொரு துறைமுகத்துக்கு முன்பும் ரோலரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். நின்றுபோயிருந்தால் அந்த வழியாகக் கயிறு விட வேண்டாம்.