ஐப்பசி மழையில் தரங்கம்பாடிக்குக் காரில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கும்பகோணத்திலிருந்து தரங்கம்பாடி சுமார் 70 கிலோமீட்டர்தான். அதனாலேயே பலர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புகிறார்கள். வானம் மூடிக்கொண்டால் ஐப்பசியில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். பின்விளக்கு இல்லாத டிராக்டரை மழைக்குள் கண்டுபிடிப்பது கஷ்டம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

அடுத்த தவறு, மேப் காட்டும் குறுக்கு வழி. ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, செம்பனார்கோயில், திருக்கடையூர் என்று பஸ் போகிற சாலையை விடாதீர்கள். ஐந்து நிமிடம் மிச்சம் என்று மேப் வாய்க்கால் கரைக்குத் திருப்பிவிடும். அங்கே ஒரு வண்டிக்குத்தான் இடம். எதிரே வைக்கோல் டிராக்டர் வந்தபோது நாங்கள் ஓரம் ஒதுங்கினோம். ஊறிப்போன களிமண்ணில் இடது சக்கரம் அப்படியே இறங்கிவிட்டது. நடவு வயலில் நின்றவர்கள் நாற்று முடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் வைக்கோலைத் திணித்துத் தள்ளிவிட்டார்கள். "புல்லு தெரியுதேன்னு தரைன்னு நம்பிடாதீங்க தம்பி" என்றார் ஒரு பெரியவர்.

குறுவை அறுப்பு முடிகிற சமயம் என்பதால் சாலையில் பாதி தூரத்துக்கு நெல் காயும். தூறல் விழுந்ததும் தார்ப்பாயோடு ஓடி வருவார்கள். அப்போது ஹாரன் அடிக்காதீர்கள், நில்லுங்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம்; அதைத் தாண்டினால் விற்பது கஷ்டம். அந்தத் தூறலில் நனைவது ஒரு குடும்பத்தின் உழைப்பு. முடிந்தால் இறங்கித் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடியுங்கள்.

சாலையில் தண்ணீர் ஓடினால் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். இறங்கி எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம், நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஹெட்லைட்டை லோ பீமில் வைத்தால் போதும்.

கிளம்புவதற்கு முன் நாகை, காரைக்கால் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகளை அடைத்துவிட்டன. கூண்டு ஏறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

சரி, ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று. டேனியர் (டென்மார்க்காரர்கள்) 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு எதிரே கடல் பொங்கிக்கொண்டிருக்கும். படம் எடுப்பதற்காகக் கரையில் கொட்டியிருக்கும் பாறைகள்மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே அரித்துத் தின்ற கடல் அது. மேட்டில் நின்று பாருங்கள், அலை அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.