'லேட்' என்றால் தாமதம் மட்டும்தானா?

தமிழில் பேசும்போதே நாளுக்கு நாலு முறை 'லேட்' என்கிறோம். அதனால் இந்தச் சொல் நமக்கு அத்துப்படி என்று நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது, 'தி லேட் மேனேஜர் வில் ஜாயின் இன் டென் மினிட்ஸ்' என்று ஒரு மின்னஞ்சலைத் தட்டிவிடும் வரை. தாமதமாகும் மேலாளர் பத்து நிமிடத்தில் வருவார் என்று சொல்ல நினைத்தேன். படித்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ, காலஞ்சென்ற மேலாளர் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று!

சொல்லை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

படி 1: தாமதம் என்றால் 'இஸ்', 'ஆம்', 'ஆர்' போன்றவற்றுக்குப் பின்னால் வையுங்கள். 'தி மேனேஜர் இஸ் லேட்.' எதற்குத் தாமதம் என்று சொல்ல 'ஃபார்' சேருங்கள்: 'ஐ ஆம் லேட் ஃபார் தி மீட்டிங்.' எவ்வளவு தாமதம் என்பது முன்னால் வரும்: 'டென் மினிட்ஸ் லேட்.'

இங்கே நம்மவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'லேட் ஆயிடுச்சு' என்பதை அப்படியே 'இட் பிகேம் லேட்' என்று மாற்றிவிடுவோம். தமிழில் யாருக்கு லேட் என்று சொல்லாமலே சமாளிக்கலாம், ஆங்கிலம் விடாது. நான் தாமதம் என்றால் 'ஐ ஆம் லேட்'. பொழுது போய்க்கொண்டிருக்கிறது, கிளம்பலாம் என்றால் 'இட்ஸ் கெட்டிங் லேட்'.

படி 2: காலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் வந்தால் 'பிற்பகுதி'. 'லேட் மார்ச்' என்றால் மார்ச் கடைசி வாக்கில். 'ஷி இஸ் இன் ஹர் லேட் ஃபார்ட்டீஸ்' என்றால் அவருக்கு 47, 48, 49 இருக்கும். தாமதம் என்ற பேச்சே இதில் இல்லை.

படி 3: ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால், 'தி', 'மை', 'ஹிஸ்' போன்றவற்றோடு வந்தால் பெரும்பாலும் 'மறைந்த'. 'மை லேட் ஃபாதர்' என்றால் காலமான என் தந்தை. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களை இப்படிச் சொல்வதில்லை. அண்மைக் காலம் வரை நம்மிடையே இருந்தவர் என்ற தொனி இதில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் 'ஹி இஸ் லேட்' என்றாலும் 'அவர் இறந்துவிட்டார்' என்று பொருள்படலாம். அங்கே என் சூத்திரம் செல்லாது.

படி 4: 'லேட்லி'யைத் தாமதத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அதற்குச் 'சமீபகாலமாக' என்று பொருள். தாமதமாக வந்தார் என்பதற்கு 'ஹி கேம் லேட்' போதும்.

படி 5: 'லேட்டஸ்ட்', 'லாஸ்ட்' இரண்டையும் பிரித்துப் பழகுங்கள். 'லாஸ்ட்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் 'லேட்'டின் உச்சநிலை வடிவமாக இருந்ததுதான். இன்று வழி பிரிந்துவிட்டது. ஓர் எழுத்தாளரின் 'லேட்டஸ்ட் புக்' என்றால் இதுவரை வந்ததில் புதியது. 'லாஸ்ட் புக்' என்றால் முந்தைய புத்தகமாகவும் இருக்கலாம், இனி எழுதவே மாட்டார் என்றும் இருக்கலாம். எழுத்தாளர் எதிரில் இருந்தால் 'லேட்டஸ்ட்' என்றே சொல்லிவிடுங்கள்.