முதல் ஏர்கன் வாங்கப் போகிறீர்களா? முதலில் மொட்டை மாடியை அளந்துவிடுங்கள்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? வைகாசி முதல் நாள். கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்தால், ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலகை நிறைய பலூன் கட்டி ஒருவர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதன்முதலில் துப்பாக்கி பிடிப்பது அங்கேதான். நானும் அப்படித்தான். நேராகக் குறி பார்த்தால் பலூன் உடையாது, ஒரு பலூன் தள்ளிக் குறி பார்த்தால் உடையும். அந்த ரகசியம் புரிவதற்குள் கையில் இருந்த காசு தீர்ந்துவிடும்.

போன மாதம் தெருவில் ஒரு தம்பி வந்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டு. கைபேசியில் சுடும் விளையாட்டு ஆடி ஆடி, நிஜமாகவே ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. "அண்ணா, ஏர்சாஃப்ட் வாங்கலாமா, ஏர்கன் வாங்கலாமா? ஒண்ணு ஆயிரம் எஃப்.பி.எஸ். கீதாம், எடுத்துக்கட்டா?" என்றான். எஃப்.பி.எஸ். என்பது குண்டு போகும் வேகம், கணக்கு பின்னால் வரும். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஏர்சாஃப்ட்டும் ஏர்கன்னும் ஒன்றல்ல. ஏர்சாஃப்ட்டில் போவது 6 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டை, எடை பெரும்பாலும் 0.20 கிராம். வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் அதன் சக்தி சரியாக 1 ஜூல். முகக் கவசம் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவதற்காக உண்டானது அது. ஏர்கன்னில் போவது ஈய ரவை. சாதாரண ஏர்கன் ஒன்றின் சக்தி இதைப்போல் பத்து மடங்கு இருக்கும். அதை ஆளை நோக்கி விளையாட்டுக்குக்கூட நீட்டக் கூடாது. ஏர்சாஃப்ட் ஆட வேண்டுமென்றால் சேர்ந்து ஆட பத்துப் பேர், ஆளுக்கொரு கவசம், சுற்றி வேலி போட்ட இடம் எல்லாம் வேண்டும். தனியாக மாடியில் நின்று காகிதத்தைச் சுடத்தான் போகிறீர்கள் என்றால் ஏர்கன்தான் சரி. தம்பியும் யோசித்துவிட்டு அதையே ஒப்புக்கொண்டான்.

படி 1: இடம்

எல்லோரும் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்து, அப்புறம் எங்கே வைத்துச் சுடுவது என்று தேடுகிறார்கள். தலைகீழ். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் போட்டியின் தூரம் 10 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 33 அடி. காகிதத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் 33 அடி நீளம் கிடைப்பது கஷ்டம்தான். 6 மீட்டர் இருந்தாலும் பழகலாம், காகிதத்தில் வட்டத்தைச் சிறிதாக வரைந்துகொண்டால் போதும்.

நீளத்தைவிட முக்கியம், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. ஈய ரவை தடையில்லாமல் போனால் முந்நூறு மீட்டர்கூடப் போகும். குறி தவறினாலும் ரவை நம் சுவரைத் தாண்டக் கூடாது. வானம் பின்னணியாகத் தெரிகிற மாதிரி கைப்பிடிச் சுவர்மேல் டப்பாவை வைத்துச் சுடுவதைப்போல் மடத்தனம் வேறில்லை.

நான் அந்த மடத்தனத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாகச் செய்தேன். ஒரு பிளைவுட் பலகையைச் சுவரில் சாய்த்து, அதில் காகிதம் ஒட்டிச் சுட்டேன். நாலாவது ரவை பலகையில் ஏதோ ஆணியில் பட்டுத் திரும்பி, மேல் வீட்டு அக்காவின் தண்ணீர்க் குழாயில் போய்ப் பட்டது. வேலூர் வெயிலில் பத்து வருடம் காய்ந்த பி.வி.சி. குழாய், அப்பளம் மாதிரி விரிந்தது. அக்கா ஒன்றும் திட்டவில்லை. பிளம்பர் பில்லை மட்டும் என் பையனிடம் கொடுத்தனுப்பினார்.

ஆகவே ரவை பிடிக்கும் பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மரப்பெட்டி, ஓர் அடி ஆழம். பின்பக்கம் 3 மி.மீ. இரும்புத் தகடு. உள்ளே பழைய லுங்கி, துணி, நெருக்கமாகத் திணிக்க வேண்டும். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் ஒரு வசதி உண்டு: ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை நடக்கும் இடங்களில் தெரிந்தவர் இருந்தால், கழித்துப்போடும் தோல், ரப்பர் துண்டுகள் கிடைக்கும். துணியோடு அதையும் சேர்த்து அடைத்தால் ரவை உள்ளேயே அடங்கிவிடும், சத்தமும் குறையும். முன்பக்கம் அட்டை. அதன்மேல் காகிதம். அட்டை சல்லடையானதும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாடியில் ஒருவர் துப்பாக்கியோடு நிற்பதைத் திடீரென்று பார்த்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும்.

படி 2: சட்டமும் ஒரு சின்னக் கணக்கும்

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ சக்தி 20 ஜூலைத் தாண்டினாலோ அந்த ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டும். கடைக்காரர்கள் 4.5 மி.மீ. துளையைப் "பாயின்ட் ஒன் செவன் செவன்" என்பார்கள். 5.5 மி.மீ., அதாவது "டூ டூ", உரிமம் இல்லாமல் வாங்கும் பொருளே இல்லை. யாராவது "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றால் அந்தக் கடையைவிட்டு இறங்கிவிடுங்கள்.

இப்போது தம்பியின் ஆயிரம் எஃப்.பி.எஸ். கணக்கு. எஃப்.பி.எஸ். என்பது வினாடிக்கு எத்தனை அடி என்பது. ரவையின் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சக்தி வந்துவிடும், பத்தாம் வகுப்புக் கணக்கு. வழக்கமான ரவை 0.53 கிராம். வினாடிக்கு 200 மீட்டர் போனால் 10.6 ஜூல். 275 மீட்டர், அதாவது 900 எஃப்.பி.எஸ். போனால் 20 ஜூல். எல்லைக்கோடு அதுதான். அதே ரவையை ஆயிரத்தில் தள்ளினால் 24 ஜூலைத் தாண்டும். ஆகவே பெட்டியில் "1000" என்று போட்டிருந்தால் இரண்டில் ஒன்று: மிக இலேசான ரவையை வைத்து அளந்த விளம்பர எண், அல்லது உரிமம் வேண்டிய துப்பாக்கி. இரண்டுமே புதியவருக்கு ஆகாது.

வேகம் அதிகமிருந்தால் குறி நன்றாக விழும் என்பது பெரிய மூடநம்பிக்கை. 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகளின் வேகம் வினாடிக்கு 170 மீட்டர் அளவில்தான் இருக்கும், சக்தி ஏழரை ஜூல் சுமார். அதை வைத்துத்தான் பத்து மதிப்பெண் தரும், அரை மி.மீ. அளவே உள்ள நடுப்புள்ளியை அறுபது முறை சுடுகிறார்கள். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இந்த 10 மீட்டரில்தான். உங்கள் முதல் துப்பாக்கி 8 முதல் 14 ஜூலுக்குள் இருந்தால் தாராளம்.

பறவை, அணில், முயல் எதையும் சுடக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏர்கன், நாட்டுத் துப்பாக்கி என்ற பேதம் கிடையாது. அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் சுற்றுலா போகும்போது இதைக் காரில் வைத்துக்கொண்டு போகிற யோசனையே வேண்டாம். பறவைகளை ஏர்கன் அழிக்கிறது என்பதால்தான் 2021-இல் அருணாசலப் பிரதேசத்தில் மக்கள் தாமாகவே ஏர்கன்களை ஒப்படைக்கும் இயக்கத்தை அரசு தொடங்கியது.

படி 3: எந்த வகை

நாலு வகை உண்டு. ஸ்பிரிங், கேஸ் பிஸ்டன், பி.சி.பி., சி.ஓ.2.

சி.ஓ.2 என்பது கரியமில வாயு அடைத்த சின்னச் சிலிண்டரில் ஓடுவது. சிலிண்டர் தீரத் தீரச் செலவு, வேலூரில் அது கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். பி.சி.பி.யில் காற்றை 200 பார் அழுத்தத்துக்கு முன்கூட்டியே அடைத்துவைக்க வேண்டும். உதைக்காது, குறி அருமையாக விழும், போட்டிக்குப் போகிறவர்கள் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருவார்கள். ஆனால் தனியாகப் பம்பு வாங்க வேண்டும், சித்திரை மாதத்தில் அந்தப் பம்பை அடித்துப் பாருங்கள், உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டும் பணம் மிச்சம்.

மிச்சமிருப்பது ஸ்பிரிங்கும் கேஸ் பிஸ்டனும். இரண்டிலும் குழலை மடக்கி இழுத்தால் உள்ளே பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும், டிரிகரை இழுத்தால் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்கும். ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு இருந்தால் கேஸ் பிஸ்டன். அதில் அதிர்வு கொஞ்சம் குறைவு, விலை கொஞ்சம் கூட. முதல் துப்பாக்கிக்கு நான் ஸ்பிரிங்கைத்தான் சொல்வேன். கோளாறு வந்தால் பழுது பார்க்க எளிது. இன்னொரு காரணம், அது உங்கள் தவற்றை மன்னிக்காது. பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் இழுக்கும், அந்த நேரத்தில் ரவை இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு ரவையும் ஒவ்வொரு பக்கம் போகும். முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா கிடத்திவைத்தால்தான் ஒரே இடத்தில் விழும். இது கைக்கு வந்துவிட்டால் பிறகு எந்தத் துப்பாக்கியும் சுலபம்.

இந்தியத் தயாரிப்புகளே இப்போது நன்றாக இருக்கின்றன. மகாராஷ்டிராவின் பிரிசிஹோல் போன்றவர்கள் ஸ்பிரிங்கிலிருந்து பி.சி.பி. வரை செய்கிறார்கள். வெளிநாட்டுப் பெயருக்காக முதல் துப்பாக்கியிலேயே பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

படி 4: கடையில்

படம் பார்த்து வாங்காதீர்கள், கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் சுட்டுவிரல் டிரிகரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு நீளம். இவ்வகை பெரும்பாலும் 3 கிலோ இருக்கும். தோளில் வைத்து ஒரு நிமிடம் குறி பார்த்தபடியே நில்லுங்கள், கை நடுங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

கடைக்காரர் அனுமதித்தால் குழலைப் பத்து முறை மடக்கச் சொல்வேன், ஆனால் ரவை இல்லாமல் சுடக் கூடாது. ரவை தடுக்காவிட்டால் பிஸ்டன் போய் வெறுமனே மோதும், உள்ளே அடிபடும். மடக்கிய குழலைக் கையால் பிடித்துக்கொண்டே டிரிகரைத் தொட்டு மெல்லத் திருப்பிவிடும் வசதி சில மாடல்களில் உண்டு, சிலவற்றில் கிடையாது. கடைக்காரரையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ரவை போடும்போது மடக்கிய குழலை மற்றொரு கை எப்போதும் பிடித்தபடி இருக்க வேண்டும். டிரிகர் தவறி விடுபட்டால் குழல் மேலே அடித்து மூடும், இடையில் இருக்கும் விரல் நசுங்கிவிடும். என் கட்டைவிரல் நகம் ஒன்று இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. பழைய துப்பாக்கி, தேய்ந்த டிரிகர், என் அவசரம், மூன்றும் சேர்ந்த பலன்.

பழசு வாங்குகிறீர்கள் என்றால் குழல் வந்து மூடும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதன் அருகே டிஷ்யூத் துண்டு ஒன்றை வைத்துச் சுடச் சொல்லுங்கள். டிஷ்யூ பறந்தால் காற்று கசிகிறது. குழலின் உள்ளே வெளிச்சத்தில் பாருங்கள், திருகு திருகாகப் பள்ளம் தெரிய வேண்டும். வழவழவென்றிருந்தால் அது திருவிழாத் துப்பாக்கி.

டெலஸ்கோப்பை இப்போது வாங்காதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைப்பதால் சாதாரண டெலஸ்கோப் சில நூறு ரவைக்குள் உள்ளே கழன்றுவிடும். துப்பாக்கியோடு வருகிற, குறி பார்க்கும் முன்குறி, பின்குறியே போதும்.

பில் கட்டாயம் வாங்குங்கள், துளை அளவும் சக்தியும் அதில் இருக்கட்டும். அடையாள அட்டை கேட்பார்கள். பிள்ளைகளுக்கு வாங்குவதானால் பெரியவர் பெயரில் வாங்கி, பெரியவர் பக்கத்தில் நின்றால் மட்டும் சுடவிடுங்கள். பஸ்ஸில் வரும்போது உறைக்குள் இருக்கட்டும். பழைய பஸ் நிலையத்தில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினால் அன்றைய பொழுது எங்கே கழியும் என்று சொல்ல முடியாது.

படி 5: ரவையும் மற்றவையும்

பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை ரவைக்கும் கண்ணாடிக்கும் ஒதுக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி சுடுபவருக்கும் வேண்டும், வேடிக்கை பார்ப்பவருக்கும் வேண்டும். சப்பை மூக்கு ரவை காகிதத்தில் பஞ்ச் அடித்ததுபோல் வட்ட ஓட்டை போடும், பழகுவதற்கு அதுதான். மூன்று வகை டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து சுட்டுப் பாருங்கள். ஒரே துப்பாக்கிக்கு ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது. ஏன் என்று கேட்காதீர்கள், எது நெருங்கி விழுகிறதோ அதையே வாங்குங்கள். இரும்பு உருண்டை வேண்டாம், பட்டுத் திரும்பும், குழலையும் தேய்க்கும்.

ரவை ஈயம். வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு, செய்யாதீர்கள். சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் மக்கன் பேடா.

எண்ணெயைக் காற்று அறைக்குள் ஊற்றாதீர்கள். அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடித்துப் 'படார்' என்று வெடிக்கும், புகையும் வரும். கேட்க வீரமாக இருக்கும், உள்ளே ரப்பர் வளையம் போய்விடும்.

படி 6: முதல் நாள்

புதுத் துப்பாக்கியில் முதல் நூறு இருநூறு ரவை கன்னாபின்னாவென்று போகும், உள்ளே இருக்கும் கிரீஸ் அடங்க வேண்டும். அதுவரை பின்குறியைத் திருகாதீர்கள். அதன்பின் காலை ஏழு மணிக்கு முன், வெயில் ஏறுவதற்குள், உட்கார்ந்து முன்கட்டையை ஒரு தலையணைமேல் வைத்த உள்ளங்கையில் கிடத்தி ஐந்து ரவை சுடுங்கள். ஐந்தும் எங்கே விழுந்தாலும் சரி, ஒன்றாக விழுந்ததா என்று மட்டும் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் குறியைத் திருத்தலாம். ஓட்டைகள் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்குறியை அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். இடப்பக்கம் விழுகிறது என்றால் பின்குறி வலப்பக்கம், கீழே விழுகிறது என்றால் மேலே. ஒரு திருகு, ஐந்து ரவை, மறுபடி ஒரு திருகு. தம்பி முதல் நாளே எல்லாத் திருகையும் ஒன்றாகத் திருகிவிட்டு, மறுநாள் துப்பாக்கியோடு என் வீட்டு வாசலில் நின்றான்.