ஸ்லாம் ஆசை வந்ததும் 4 நோ டிரம்ப் கேட்காதீர்கள்

பிரிட்ஜ் சீட்டாட்டம். பார்ட்னர் 1 ஸ்பேட், அதாவது ஸ்பேட் துருப்பில் ஏழு ட்ரிக் (பிடி) எடுப்போம் என்று ஏலத்தைத் தொடங்கினார். என் கையில் ஸ்பேட் கிங், ஜாக், 7, 4. ஹார்ட் ஏஸ், 6. டைமண்ட் கிங், குயின், ஜாக், 5, 2. கிளப் 8, 3. மொத்தம் 14 பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1), நாலு துருப்பு, வரிசையாக நிற்கும் டைமண்ட். கை பரபரத்தது. நேராக 4 நோ டிரம்ப், அதாவது எத்தனை ஏஸ் என்ற கேள்வியைக் கேட்டேன். 5 ஹார்ட், அதாவது இரண்டு ஏஸ் என்று பதில் வந்தது. ஒரே ஒரு ஏஸ்தானே குறைகிறது என்று 6 ஸ்பேட், அதாவது 13-ல் 12 ட்ரிக் எடுக்க வேண்டிய ஸ்லாம், போட்டுவிட்டேன்.

பார்ட்னருக்கு இடப்பக்கம் இருந்த அம்மாள் கிளப் ஏஸை வைத்தார். எல்லோரும் போட்டு முடிப்பதற்குள் கிளப் கிங்கையும் கையில் எடுத்துத் தயாராக வைத்திருந்தார். பார்ட்னரிடம் கிளப்பில் ஜாக், 5 மட்டுமே. மீதிப் பதினொரு ட்ரிக்கும் எங்களுக்குத்தான். பத்து ட்ரிக் போதும் என்ற 4 ஸ்பேட் கேட்டிருந்தால் ஒன்று கூடுதலாகவே எடுத்திருப்போம்.

இதில் பார்ட்னர்மேல் குற்றம் இல்லை. நான் கேட்ட கேள்விக்கு அவர் சரியான பதிலைச் சொன்னார். எத்தனை ஏஸ் என்று கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்ததோ கிளப்பில் ஏதாவது இருக்கிறதா என்பது. எண்ணிக்கையைக் கேட்டால் இடம் தெரியவராது. ஸ்லாம் ஏலத்தில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றின் குட்டிகள்தான்.

இண்டியானாபொலிஸ்காரரான ஈஸ்லி பிளாக்வுட் 1930-களில் இந்த 4 நோ டிரம்பைக் கொண்டுவந்தது ஸ்லாமைத் தேடிக் கண்டுபிடிக்க அல்ல. இரண்டு ஏஸ் எதிராளி கையில் இருக்கும்போது தெரியாத்தனமாக 6-க்குப் போய்விடாமல் தடுக்கத்தான். அது பிரேக். நாம் அதை ஆக்சிலரேட்டர் என்று நினைத்து மிதிக்கிறோம்.

அதே கையை ஒழுங்காக ஏலம் விட்டால் எப்படிப் போகும்? ஸ்பேட்தான் துருப்பு, கேமுக்கு (இங்கே 4 ஸ்பேட்) கீழே யாரும் நிறுத்தப்போவதில்லை என்று முதலில் முடிவு செய்துகொள்கிறோம். அதன்பிறகு கேட்கும் புது சூட் (சீட்டின் இனம்) எல்லாம் கியூ பிட்: இந்த சூட்டில் எனக்கு முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ கண்ட்ரோல் இருக்கிறது என்று பொருள். ஏஸ், கிங், ஒற்றைச் சீட்டு, சீட்டே இல்லாமை எல்லாம் இதில் அடங்கும். நான் 4 டைமண்ட் கேட்கிறேன். இங்கே நான் கேட்டதைவிடக் கேட்காமல் தாண்டிப்போனதுதான் பெரிய செய்தி. 4 கிளப்பை விட்டுவிட்டேன், ஆகவே கிளப்பில் என்னிடம் ஒன்றுமில்லை. பார்ட்னரிடமும் இல்லை, 4 ஸ்பேட் என்று மூடிவிடுகிறார். எல்லா சூட்டுக்கும் காவல் உண்டு என்று தெரிந்து, எண்ணிக்கை மட்டும்தான் பாக்கி என்ற நிலை வந்தால் மட்டுமே 4 நோ டிரம்ப்.

கையில் ஒரு சூட்டே இல்லாதபோது பிளாக்வுட், அதாவது அந்த 4 நோ டிரம்ப், கேட்பது இன்னும் மோசம். டைமண்டே இல்லாத நான் கேட்கிறேன், பார்ட்னர் ஒரு ஏஸ் என்கிறார். அது டைமண்ட் ஏஸாக இருந்தால் அநேகமாக வீண். ஹார்ட் ஏஸாக இருந்தால் ஸ்லாம். எது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. துருப்பு கிளப்பாக இருக்கும்போது கேட்பதும் இதே ரகம்தான். இரண்டு ஏஸ் தேவை, 5 டைமண்ட் (ஒரு ஏஸ்) என்று பதில் வந்தால், அதைவிடக் கீழான 5 கிளப் கையை விட்டுப் போயாயிற்று. கேட்கும் முன்பே, வரக்கூடிய மோசமான பதிலுக்கு நமக்கு நிற்க இடமிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பார்ட்னர் 1 நோ டிரம்ப் (துருப்பில்லாத ஆட்டம், 15-17 பாயிண்ட்) தொடங்குகிறார், நீங்கள் 4 நோ டிரம்ப் கேட்கிறீர்கள். அவர் பயபக்தியோடு ஏஸை எண்ணி 5 டைமண்ட் என்கிறார்! இங்கே 4 நோ டிரம்ப் ஸ்லாமுக்கு ஓர் அழைப்பு மட்டுமே. 15 என்றால் பாஸ், 17 என்றால் 6. நோ டிரம்பில் 12 ட்ரிக்குக்கு இரண்டு கையும் சேர்ந்து 33 பாயிண்ட் வேண்டும் என்ற கணக்குதான் இதற்கு அடிப்படை. ஏஸ் தெரிய வேண்டுமென்றால் 4 கிளப், அதாவது ஜெர்பர். டிரான்ஸ்பர் (நம் நீண்ட சூட்டைப் பார்ட்னரையே சொல்லவைக்கும் ஏலம்) செய்து பார்ட்னர் 2 ஸ்பேட் சொன்னபிறகு வரும் 4 நோ டிரம்பும் பெரும்பாலான ஜோடிகளுக்கு அழைப்புதான். உங்கள் ஜோடி எப்படி என்று மேசைக்கு உட்காரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

புதிதாக ஆட வருபவர்களுக்குப் புரியவைக்கவே சிரமப்படும் விஷயம் ஒன்று: எகிறிக் குதித்தால் பலம் என்று அர்த்தமில்லை. 1 ஸ்பேடுக்கு நேராக 4 ஸ்பேட் என்றால் துருப்பு நிறைய இருக்கிறது, பாயிண்ட் கம்மி என்று பொருள். இரண்டாம் மட்டத்தில் புது சூட் சொன்னாலே கேம் வரை போகும் முறையில் ஆடுகிறீர்கள், ஏலம் 1 ஸ்பேட், 2 டைமண்ட், 2 ஸ்பேட் என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். இப்போது 3 ஸ்பேட்தான் 4 ஸ்பேடைவிடப் பலமானது. எப்படியும் 4 வரை போகத்தான் போகிறோம். வழியில் பேச இடம் விடுகிறவருக்குத்தான் சொல்ல ஏதோ இருக்கிறது. பார்ட்னர் அப்படி இடம் விடும்போது, நம் கை சுமார்தானே என்று ஏஸை மறைத்து 4 ஸ்பேடில் பூட்டுவதும் தப்பு. கேமுக்குக் கீழே ஒரு கியூ பிட் காட்டுவதால் எதுவும் குறைந்துவிடாது. கூடுதல் பலம் இருப்பதாக அது சொல்வதும் இல்லை.

ஒற்றைச் சீட்டைக் காட்டும் ஸ்ப்ளின்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காட்டுகிறவர் சரியாகக் காட்டியும் பார்க்கிறவர் கோட்டை விடுகிறார். 1 ஸ்பேடுக்கு 4 கிளப் என்று இரட்டைத் தாவல். துருப்பு நாலு, கேமுக்குப் போதுமான பலம், கிளப் ஒன்று அல்லது அதுவும் இல்லை. காட்டியவர் கை: ஸ்பேட் கிங், ஜாக், 7, 4, ஹார்ட் ஏஸ், 8, 6, 3, டைமண்ட் கிங், 10, 5, 2, கிளப் 7. வெறும் 11 பாயிண்ட்.

எதிரே இருக்கும் பார்ட்னரிடம் ஸ்பேட் ஏஸ், குயின், 10, 9, 5. ஹார்ட் கிங், 5. டைமண்ட் ஏஸ், குயின், 6. கிளப் 8, 6, 4. ஒரு கிளப் போகும், மற்ற இரண்டையும் துருப்பால் வெட்டலாம். துருப்பு அஞ்சு, வெட்டு ரெண்டு, ஹார்ட் ரெண்டு, டைமண்ட் மூணு. ஆக 12. இப்போது டைமண்டை ஜாக், 6, 4 ஆகவும் கிளப்பை கிங், குயின், 6 ஆகவும் மாற்றுங்கள். இதுவும் அதே 15 பாயிண்ட்தான், ஆனால் டைமண்ட் ஏஸும் கிளப் ஏஸும் எதிராளியிடம். ஒற்றைச் சீட்டுக்கு எதிரே கிங், குயின் தூங்குகின்றன. ஆக, ஸ்ப்ளின்டரைப் பார்த்ததும் மொத்தப் பாயிண்டைக் கூட்டக் கூடாது. அந்த சூட்டில் இருக்கும் கிங்கையும் குயினையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 8, 6, 4 என்று அற்பமாகக் கிடந்தால்தான் சந்தோஷப்பட வேண்டும். காட்டுகிறவரும் ஒற்றை ஏஸை வைத்துக்கொண்டு ஸ்ப்ளின்டர் கேட்காமல் இருந்தால் நல்லது, பார்ட்னரின் கணக்கு அதில் குழம்பிவிடும்.

ரொம்பப் பயந்து ஸ்லாமே கேட்காமல் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடிய) நிலையில் 6 ஸ்பேட் எடுத்தால் 1430, அதே 12 ட்ரிக்கை 4 ஸ்பேடில் எடுத்தால் 680. லாபம் 750. ஒன்று குறைந்து 100 கொடுத்தால், 4 ஸ்பேடில் வந்திருக்கும் 650-ஐயும் சேர்த்து நஷ்டம் 750. ஆக, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாலே சிறிய ஸ்லாம் கேட்கலாம். கிராண்ட் ஸ்லாமுக்கு (13 ட்ரிக்கும்) மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு வேண்டும், அதில் தைரியம் காட்டாதீர்கள்.

கடைசித் தவறு ஏலத்தில் இல்லை, முகத்தில். ரொம்ப நேரம் யோசித்து, சீட்டைக் கலைத்து அடுக்கி, மூச்சு விட்டு, பிறகு 4 ஸ்பேட் கேட்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு ஸ்லாம் ஆசை இருந்தது என்று மேசைக்கே தெரிந்துவிடும். பார்ட்னர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது பிரிட்ஜ் சட்டத்தின் 16-ஆம் விதி. பாஸ் செய்வதும் நியாயமாகப் படும் கையை வைத்துக்கொண்டு அவர் மேலே போனால், எதிராளி நடுவரைக் கூப்பிடுவார். ஸ்கோர் 4 ஸ்பேடுக்குத் திருத்தப்படும். பார்ட்னருக்கு நல்ல கையே இருந்தாலும், உங்கள் தயக்கத்தால் அவர் வாய் கட்டப்பட்டுவிடுகிறது. எனவே யோசிக்க வேண்டியதை 3 ஸ்பேட் வந்த இடத்திலேயே யோசித்துவிடுங்கள். 4 ஸ்பேட் கேட்கும்போது சாதாரண வேகத்தில் கேளுங்கள்.