அடுத்தவர் வீட்டு மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலுக்கும் மே மாத லீவுக்கும் வடசென்னையில் பாதித் தெரு ஊருக்குக் கிளம்பிவிடும். “அக்கா, மீனுக்கு மட்டும் தினம் கொஞ்சம் தீனி போட்டுடுங்க” என்று எதிர்வீட்டில் சாவி கைமாறும். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்திலேயே இருப்பதால், பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் நிறைய. சாவி வாங்கியவர்கள் பெரும்பாலும் அக்கறையானவர்கள்தான். அந்த அக்கறையில் செய்கிற கூடுதல் வேலைதான் பல தொட்டிகளில் மீன்களைக் கொல்கிறது.

முதல் தவறு அதிகத் தீனி. கண்ணாடிப் பக்கம் போனாலே மீன்கள் கூட்டமாக ஓடிவரும். பசி என்று நினைத்து ஒரு சிட்டிகை போடுவோம், குழந்தைகள் ஆசையாக இன்னொரு சிட்டிகை போடுவார்கள். ஆள் நிழலைக் கண்டால் வருவது அவற்றின் பழக்கம். நன்றாக வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் தீனி இல்லாமலே இருக்கும்; குஞ்சுகளால்தான் முடியாது. கோல்ட்ஃபிஷுக்கு இரைப்பையே கிடையாது, எனவே ஒரே நேரத்தில் நிறையப் போடுவதில் அதற்கு லாபமில்லை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். அதைவிட நல்ல வழி, ஊருக்குப் போகிறவரையே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு பொட்டலம் மடித்துத் தரச் சொல்வது. தீனி டப்பாவை அவர் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனாலும் வருத்தப்படாதீர்கள்.

மீதித் தீனி அடியில் தங்கி அழுகும்; அதிலிருந்து அம்மோனியா வரும். மீனின் கழிவிலும் அதே அம்மோனியாதான். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அளவு மீறினால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. தண்ணீர் பால்போல் கலங்கும். பார்த்துக்கொள்கிறவருக்குப் பதற்றம் வரும். பெரிய தவறு நடப்பது அந்த இடத்தில்தான்: மீன்களைப் பக்கெட்டில் பிடித்துப் போட்டு, தொட்டியை முழுசாகக் காலி செய்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்புவது. புழல் ஏரித் தண்ணீரோ, காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்பும் தண்ணீரோ, நம் குழாய்க்கு வருவது குளோரின் கலந்துதான். அது மீனின் செவுளைப் பொசுக்கும், ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவையும் அழிக்கும். மறுநாள் தொட்டி பளிச்சென்று இருக்கும், மீன்கள் மிதக்கும்.

கலங்கினால் முதலில் தீனியை நிறுத்துங்கள். கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். அதற்கான தண்ணீர் ஒரு நாள் முழுக்கத் திறந்த பக்கெட்டில் நின்றதாகவோ, மீன் கடையில் விற்கும் ஆன்ட்டி குளோரின் கலந்ததாகவோ இருக்க வேண்டும். கேன் தண்ணீர் சுத்தமாயிற்றே என்று ஊற்றாதீர்கள். அதில் மீனுக்குத் தேவையான தாதுக்கள் குறைவு. கடலோரத் தெருக்களின் போர் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கலாம், வீட்டுக்காரர் சொல்லாமல் அதையும் தொடாதீர்கள்.

அடுத்தது காற்று. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அது மூச்சுத் திணறல். ஃபைட்டர், குராமி வகை மீன்கள் இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கும், அவற்றுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். கத்திரி வெயிலில் ஏர் பம்பை ஒரு நிமிடம்கூட நிறுத்தக் கூடாது. கரண்டு பில் ஏறுமே என்று இரவில் அணைத்துவிடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். சூட்டுக்காக ஐஸ்கட்டி போடுவதும் ஆபத்து, திடீர்க் குளிர்ச்சியை மீன் தாங்காது. மின்விசிறி போட்டு, மூடியை எடுத்துவிட்டு வலை விரித்தால் போதும். வலை இல்லாமல் திறந்துவைத்தால் குதித்துவிடும்.

கரண்டு போனால் தீனி போடாதீர்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் மொண்டு சற்று உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினால் காற்று கலக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல இடங்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. மழைக்காலத்தில் பொறுப்பேற்கிறவர்கள் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பல மணி நேரம் நின்றுபோன ஃபில்டரை அப்படியே ஓடவிடாமல், ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து ஒரு பக்கெட்டில் மொண்ட தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து கொசு மருந்து. பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரங்களில் அது இல்லாமல் தூங்க முடியாது. ஆனால் கொசுவத்தி, லிக்விட், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. தொட்டி இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம், முக்கியமாக கரப்பான் ஸ்ப்ரே. சோப்பும் சானிடைசரும் ஒட்டிய கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

இவ்வளவு பார்த்தும் ஒரு மீன் செத்துப்போகலாம். உடனே எடுத்துவிடுங்கள், விட்டால் மற்ற மீன்களுக்கும் தண்ணீர் கெடும். அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொல்லுங்கள். அவர் மனம் நோகுமே என்று கொளத்தூருக்குப் போய் அதே நிறத்தில் ஒன்று வாங்கி விடுவது, தெரியாத நோயை நாமே உள்ளே விடுவதாகிவிடும்; வெள்ளைப் புள்ளி நோய் அப்படித்தான் அடிக்கடி பரவுகிறது. சாவி வாங்கும்போதே அவர் வழக்கமாகப் போகும் மீன் கடையின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ஊரில் சிக்னல் கிடைக்காவிட்டால், அந்தத் தொட்டியில் என்னென்ன மீன் என்று தெரிந்த ஒருவரிடமாவது கேட்கலாம்.