பவுடரும் பிரைமரும்: ரைஃபிள் தோட்டா நிரப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் போட்டிகளில் சுடுபவர்களும் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசிவிடுவதில்லை. புதுப் பிரைமர் (தட்டினால் பொறி தந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர் (குண்டைத் தள்ளும் வெடிமருந்து), குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்கள். இதில் பெரிய விபரீதங்கள் பவுடரை நிறுக்கும் தராசில் தொடங்குவதைவிட, எந்த டப்பாவை எடுக்கிறோம் என்பதில்தான் அதிகம் தொடங்குகின்றன.

எண்ணை மட்டும் பார்த்துப் பவுடர் எடுப்பதுதான் முதல் தவறு. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய 4831 பவுடரை வாங்கி விற்றவர் புரூஸ் ஹாட்ஜன். அதுவே எச்4831 என்று பெயர் பெற்றது. பின்னால் டூபான்ட் கொண்டுவந்த ஐஎம்ஆர் 4831 அதைவிட வேகமாக எரியும். எச்4831-க்குச் சொன்ன உச்ச அளவை இதில் போட்டால் அழுத்தம் எல்லை மீறும். எச், ஐஎம்ஆர் என இரண்டு பெயரிலும் வரும் 4350, 4895 எண்களிலும் இதே சிக்கல் உண்டு. டப்பாவின் முழுப் பெயரும், நிரப்பும் அளவுகளைத் தரும் கையேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

எரிவேகப் பட்டியலில் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு பவுடரின் அளவை இன்னொன்றுக்குப் போடுவதும் தவறு. அந்தப் பட்டியல் வரிசையைச் சொல்லும், இடைவெளியைச் சொல்லாது. ‘குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை’ என்ற நம்பிக்கையும் வேண்டாம். மெதுவாக எரியும் பவுடரைக் கையேட்டின் தொடக்க அளவுக்கும் கீழே குறைத்தால் அழுத்தம் திடீரென்று எகிறக்கூடும்.

துப்பாக்கியையும் பார்க்க வேண்டும். கையால் இயக்கும் போல்ட் ரைஃபிளில் அருமையாகச் சுடும் .30-06 தோட்டா, வாயு விசையால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் எம்1 கேரண்ட் ரைஃபிளைப் பாழாக்கலாம். மெதுவான பவுடர் என்றால், குண்டு குழலின் முனையருகே உள்ள வாயுத் துளையைக் கடக்கும்போதும் அழுத்தம் அதிகமாகவே இருக்கும். அந்த விசையில், வாயு தள்ளும் ஆபரேட்டிங் ராட் என்ற கம்பி வளைந்துவிடக்கூடும். கேரண்டுக்கென்று தனியாகத் தந்திருக்கும் அளவுகளை மட்டும் நம்புங்கள்.

பிரைமரில் அலட்சியம் இன்னும் அதிகம். 2020-க்குப் பின் வந்த தட்டுப்பாட்டில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் ஆசை பலருக்கும் வந்தது. லார்ஜ் பிஸ்டல் (கைத்துப்பாக்கி), லார்ஜ் ரைஃபிள் பிரைமர் இரண்டுக்கும் விட்டம் 0.210 அங்குலம்தான், ஆனால் பிஸ்டல் பிரைமர் உயரம் குறைந்தது, அதன் உலோகமும் மெல்லியது. ரைஃபிள் அழுத்தத்தில் அது ஓட்டையானால் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்னால் பாயும். சாதாரணப் பிரைமருக்குப் பதில், வலுவான பொறி தரும் மேக்னம் பிரைமர் வைத்தால், பவுடரைத் தொடக்க அளவுக்கு இறக்கி மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். ஏஆர்-15 ரைஃபிளில், பிரைமரைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பிடித்துவைக்க ஸ்பிரிங் இல்லை. தோட்டா ஏறும்போதே அது பிரைமரை லேசாகத் தட்டும். அதற்கு சிசிஐ நிறுவனத்தின் 41 போன்ற, எளிதில் வெடித்துவிடாத ராணுவ வகை நல்லது. எந்தப் பிரைமரானாலும் கூட்டின் அடிப்பரப்புக்குச் சற்றே உள்ளடங்கி உட்கார வேண்டும். விரலால் தடவினாலே தெரியும்.

மேசையில் ஒரு பவுடர் டப்பாதான் இருக்கலாம். லேபிள் இல்லாத பவுடரைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண யாராலும் முடியாது. லேபிள் இருந்தும் புளித்த அமில வாடை வந்தால், செம்பழுப்புத் தூசி தெரிந்தால், அது கெட்டுப்போன பவுடர், அதை நிரப்பாதீர்கள்.